மனவுறுதிக்கு எத்தனை டொலர்?

போன கிழமை எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பனித்தரையில் சக்கர நாற்காலியில் ஒரு பெண். கையில் நீளத் தடி, தடியின் நுனியில் கைபிடி வைத்த ஒரு வட்டக் கல். படத்தின் மூலையில் யாரோ ஒட்டிவிட்ட தங்கப்பதக்கம். கீழே மஞ்சள் எழுத்தில், "கால்கள் நடக்காவிட்டால் என்ன? மனம் நடந்தால் போதும்!" பெயர் இல்லை, நாடு இல்லை, என்ன விளையாட்டு எண்டும் இல்லை. ஐந்து நிமிசத்துக்குள் கைகூப்பல்களும் நெருப்புகளும் வரிசையாக வந்து விழுந்தன.

படத்தில் இருந்தவர் யார் எண்டு கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் தேடிக்கொண்டு போன வழியில் கனடாவின் சொன்யா கோடேயைக் கண்டேன். சக்கர நாற்காலி கேர்ளிங்கில் மூன்று பராலிம்பிக் தங்கம் வென்றவர். அவருடைய கதையை வாசித்து முடித்தபோது அந்த மஞ்சள் வரியில் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்த வரி பொய். அதைவிட மோசம், அது மலிவான பொய். ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கைதட்டிவிட்டுப் போவதற்கு வசதியான பொய். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் விளையாட்டு. ஏனெண்டால் இந்த மாதிரிப் படம் போடுகிறவர்கள் ஒருத்தரும் விளையாட்டைப் பற்றிக் கதைக்கிறதில்லை.

கேர்ளிங் என்பது பனித்தரையில் கல் வழுக்கி விடுகிற ஆட்டம். கல் எண்டால் கூழாங்கல் இல்லை, கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள கருங்கல். தரையின் மறுமுனையில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருக்கும். அதற்கு ஆட்டக்காரர் வைத்த பெயர் 'வீடு'. வீட்டின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் கிட்ட நிற்குதோ அவருக்குப் புள்ளி. பனியின் மேல் நீர்த்துளி தெளித்துப் பொருக்குப் பொருக்காக உறைய வைத்திருப்பார்கள். விடும்போது கைபிடியைக் கொஞ்சம் திருப்பினால், போகப் போகக் கல் வளைந்து போகும். எவ்வளவு வேகம், எவ்வளவு வளைவு, எதிராளியின் கல்லைத் தள்ளுவதா, தன் கல்லுக்கு முன்னால் காவல் வைப்பதா எண்டு ஒவ்வொரு கல்லுக்கும் கணக்குப் பார்க்க வேணும்.

நின்று ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கல்லை விட்ட பிறகு இரண்டு பேர் தும்புத்தடி மாதிரி பிரஷ்களோடு முன்னால் ஓடி, பனியைத் தேய்த்துத் தேய்த்துப் போவார்கள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும். விட்டவர் கொஞ்சம் மெதுவாக விட்டிருந்தால்கூடச் சமாளிக்கலாம்.

சக்கர நாற்காலி ஆட்டத்தில் அந்தத் தேய்ப்புக் கிடையாது. நாற்காலி அசையாமல் நிற்க வேணும், கால் பனியில் படக்கூடாது. பின்னால் சக ஆட்டக்காரர் ஒருவர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்னால் இருப்பவரின் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கையாலோ தடியாலோ கல்லைத் தள்ளி, குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுவதற்குள் விட்டுவிட வேணும். அங்கேயிருந்து வீட்டின் நடுப்புள்ளிக்கு 28 மீற்றருக்கும் மேல். விட்ட கல் விட்டதுதான். ஓடிப்போய்த் திருத்த ஒருத்தரும் இல்லை. அதே கல், அதே வீடு, அதே பனி. பிழைவிட மட்டும் இடமில்லை.

அப்படியெண்டால் இது "கேர்ளிங்கின் இலகுவான வடிவம்" இல்லை. ஒரு வகையில் இன்னும் இரக்கமில்லாத வடிவம். கோடேயின் அணித்தலைவராக இருந்த ஜிம் ஆம்ஸ்ட்ரோங், கனடாவின் ஆண்கள் தேசிய சுற்றான பிறையரில் பல தடவை நின்று ஆடியவர். தொழிலால் பல் வைத்தியர். உடம்பு ஒத்துழைக்காமல் போன பிறகு இருந்து ஆட வந்தார். பழைய ஆட்டத்தில் படித்த பனி வாசிப்பும் கணக்கும் புது ஆட்டத்தில் அப்படியே செல்லுபடியாகின. ஏனெண்டால் அது வேறு விளையாட்டு இல்லை.

இனி மனவுறுதிக்கு வருவோம்.

சொன்யா கோடே 1966 இல் வட வன்கூவரில் பிறந்தவர். 1997 இல் குதிரையிலிருந்து விழுந்ததில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. அதன் பிறகு சக்கர நாற்காலி. 2006 இல் இத்தாலியின் ரூரின் பராலிம்பிக்கில் தங்கம். மஞ்சள் எழுத்துக்காரருக்கு இந்த இரண்டு வருடங்களும் போதும். நடுவில் "மனவுறுதி" எண்டு ஒரு சொல்லை வைத்து ஒட்டிவிடுவார். விழுந்தாள், எழுந்தாள், வென்றாள்.

நான் கேட்கிறது சின்னக் கேள்வி. 1997 இல் அவருக்கு எவ்வளவுதான் மனவுறுதி இருந்திருந்தாலும், சக்கர நாற்காலி கேர்ளிங்கில் பராலிம்பிக் தங்கம் வென்றிருக்க முடியுமா? முடியாது. ஏனெண்டால் 1997 இல் அப்படியொரு பதக்கம் உலகத்திலேயே இல்லை. நின்று ஆடுகிற கேர்ளிங்குக்கே அடுத்த வருடம் நாகானோவில்தான் ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக நிரந்தர இடம் கிடைத்தது. இருந்து ஆடுகிறவர்களுக்கான முதல் உலகப் போட்டி 2002 இல் சுவிற்சர்லாந்தின் சுர்சே நகரத்தில் நடந்தது. பராலிம்பிக்கில் முதல் தடவை வந்தது 2006 இல்தான். கோடே வென்றது அந்த முதல் தங்கத்தை.

அந்த ஒன்பது வருடத்தில் மாறியது அவருடைய மனம் மட்டும் எண்டு சொல்லாதேயுங்கோ. மாறியது உலகம். யாரோ உட்கார்ந்து யோசித்து விதி எழுதினார்கள். யாரோ தடியின் நுனியைக் கல்லின் கைபிடிக்குப் பொருந்துகிற மாதிரிச் செய்தார்கள். பனி மண்டபத்தின் வாசலில் இருந்த படியைச் சரிவாக்கினார்கள், மலசலகூடத்தின் கதவை அகலமாக்கினார்கள், பயிற்சியாளரை வைத்தார்கள், பயணச் செலவு கொடுத்தார்கள். இதில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அவருடைய மனவுறுதி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். அப்படி வீட்டுக்குள் இருக்கிற மனவுறுதிகள் உலகம் முழுக்க எத்தனை எண்டு ஆரும் எண்ணுவதில்லை. பதக்கம் எடுக்காதவர்களுக்கு மஞ்சள் எழுத்து இல்லை.

கோடே வாழ்கிற இடம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் உள்ள வேர்ணன் எண்ட சிறு நகரம். அவரோடு வன்கூவரிலும் சோச்சியிலும் தங்கம் வென்ற இனா ஃபொறெஸ்ற்றும் அதே வட்டாரத்தவர். ஒரு தேசிய அணியில் ஐந்து பேர். அதில் இருந்த இரண்டு பெண்களும் ஒரே பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களுக்கு மட்டும் கடவுள் விசேடமான மனவுறுதி கொடுத்தாரா? இல்லையெண்டால், கிட்டத்தில் ஒரு பனி மண்டபமும் இருந்து ஆடுகிறவர்களை உள்ளே விட்ட ஆட்களும் இருந்தார்கள் எண்டு சொல்லலாமா? எனக்கு இரண்டாவதுதான் அறிவுக்குப் பொருந்துது.

இன்னொரு விதியைக் கவனியுங்கோ. சக்கர நாற்காலி கேர்ளிங்கில் நால்வர் அணி எண்டால் ஆணும் பெண்ணும் கலந்துதான் இருக்க வேணும். பெண் இல்லாமல் அணி பனியில் இறங்கேலாது. பராலிம்பிக்கில் சேர்க்கும்போதே கலப்பு அணியாகத்தான் சேர்த்தார்கள். கோடேக்கும் ஃபொறெஸ்ற்றுக்கும் அணியில் இடம் வந்தது ஆரும் பெருந்தன்மை காட்டியதால் இல்லை, விதி இருந்ததால். இதையும் மஞ்சள் எழுத்து சொல்லாது. "விதியை வென்றவள்" எண்டு எழுதத்தான் அதற்கு ஆசை. இவருடைய வாழ்க்கையில் நல்ல விதிகள் எவ்வளவு வேலை செய்திருக்கின்றன எண்டு பார்க்க அதற்குக் கண் இல்லை.

அணியில் அவருடைய இடத்தையும் சொல்ல வேணும். வன்கூவரிலும் சோச்சியிலும் அவர் ஆடியது 'லீட்' இடத்தில். ஒவ்வொரு சுற்றிலும் அணியின் முதல் இரண்டு கல்லும் அவருடையது. சுற்றின் கடைசிக் கல்லை வழமையாக விடுகிறது அணித்தலைவர். கமெராவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். லீட்டின் வேலை அத்திவாரம் போடுவது. காவல் கல்லைச் சரியான இடத்தில் நிறுத்துவது, பின்னால் வருகிறவருக்கு வழி திறந்து வைப்பது. எட்டுச் சுற்று, சுற்றுக்கு இரண்டு, மொத்தம் 16 கல். 2010 இறுதி ஆட்டத்தில் கனடா தென் கொரியாவை வென்றது 8க்கு 7 எண்டு, ஒரேயொரு புள்ளியால். அப்படியான ஆட்டத்தில் முதல் கல் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு கேர்ளிங் தெரிந்தவருக்கு விளங்கும். தனியாள் வீரக்கதைக்கு இவ்வளவு பொருந்தாத ஓர் ஆளைப் பிடித்து வீரக்கதை எழுதுவதும் ஒரு திறமைதான்.

இப்ப காசுக்கு வருவோம். தலைப்பில் கேட்ட கேள்வி இதுதான்.

2007 இல் கனேடிய ஒலிம்பிக் குழு ஒரு பரிசுத் திட்டத்தை அறிவித்தது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் ஒவ்வொருவருக்கும் 20,000 கனேடிய டொலர், வெள்ளிக்கு 15,000, வெண்கலத்துக்கு 10,000. நல்ல விசயம்.

2010 பெப்ரவரி 27. வன்கூவர் கேர்ளிங் மண்டபம். கெவின் மார்ட்டினின் அணி நோர்வேயை வென்று ஒலிம்பிக் தங்கம் எடுத்தது. ஆளுக்கு 20,000 டொலர்.

2010 மார்ச் 20. அதே மண்டபம். அதே எடைக் கல். அதே மேப்பிள் இலைச் சட்டை. கோடேயின் அணி பராலிம்பிக் தங்கம் எடுத்தது. பதக்கத்துக்கான பரிசு பூச்சியம்.

இடையில் 21 நாள்.

நாலு வருடம் கழித்து சோச்சி. 2014 பெப்ரவரி 20, 21 ஆம் திகதிகளில் ஜெனிபர் ஜோன்ஸின் பெண்கள் அணியும் பிராட் ஜேகப்ஸின் ஆண்கள் அணியும் 'ஐஸ் கியூப்' அரங்கில் தங்கம் வென்றன. ஆளுக்கு 20,000. மார்ச் 15 அன்று அதே அரங்கில் கோடேயின் அணி ரஷ்யாவை அதன் சொந்த மண்ணில் 8க்கு 3 எண்டு தோற்கடித்தது. பூச்சியம். இத்தனைக்கும் அந்தப் போட்டிகளின் தொடக்க விழாவில் கனடாவின் கொடியைப் பிடித்துக்கொண்டு போனவர் கோடே. கொடி பிடிக்க ஆள் வேணும். பரிசு கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

கனேடிய பராலிம்பிக் குழு அதே தொகைகளை, 20,000, 15,000, 10,000 எண்டு, அறிவித்தது 2024 ஜனவரியில்தான். அதுவும் அந்த வருட பாரிஸ் போட்டிகளிலிருந்து. ஒலிம்பிக் பரிசு தொடங்கி 16 வருடத்துக்கும் மேல் கழித்து. கோடேயின் கடைசித் தங்கத்துக்குப் பத்து வருடம் கழித்து.

இதற்கு வழமையாக வருகிற நியாயங்கள் எனக்கும் தெரியும். முதலாவது, "ஒலிம்பிக் குழு வேறு, பராலிம்பிக் குழு வேறு. இந்தக் குழுவிடம் காசு இருந்தது, அந்தக் குழுவிடம் இல்லை. இதில் ஆர் பிழை?" கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ஆரும் பிழை செய்யாமல் ஒரு கூட்டத்துக்கு மட்டும் எப்பவும் பூச்சியம் விழுகிறது எண்டால், பிழை அந்த ஏற்பாட்டிலேயே இருக்கு. அமெரிக்காவில் 2018 இல் இரு தரப்பின் பரிசையும் சமமாக்கினார்கள். ஏலும் எண்டு நினைத்தபோது ஏலுமாக இருந்தது.

இரண்டாவது, "பார்க்கிற ஆட்கள் குறைவு, அதனால் விளம்பரக் காசு குறைவு." தொலைக்காட்சி ஒலிம்பிக்குக்குக் கொடுக்கிற மணித்தியாலங்களில் சின்னப் பங்குதான் பராலிம்பிக்குக்கு. காட்டாமல் இருந்துவிட்டு, ஆரும் பார்க்கவில்லை எண்டு சொல்வது, கடையைப் பூட்டிவிட்டு யாவாரம் இல்லை எண்டு அழுவது மாதிரி.

மூன்றாவது, கொஞ்சம் நேர்மையான வாதம். "கனடா அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை எண்டு சொல்லேலாது." உண்மை. உயர்மட்ட வீரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மாதாந்த உதவித்தொகைத் திட்டம் ஒலிம்பிக், பராலிம்பிக் எண்ட இரண்டு பக்கத்துக்கும் உண்டு. கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 15 ஆம் பிரிவு உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது எண்டு பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்குது. வன்கூவரில் அவர்கள் தங்கம் வென்ற கட்டடம் போட்டி முடிந்து பாழடையவில்லை. நூலகம், நீச்சல் தடாகம், கேர்ளிங் கழகம் எல்லாம் உள்ள பொது நிலையமாக இண்டைக்கும் இயங்குது. இதையெல்லாம் மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. சொல்லப்போனால் இவை என்னுடைய பக்கத்துச் சாட்சிகள். எங்கே சட்டமும் விதியும் இருந்ததோ அங்கே அவருக்கு இடம் கிடைத்தது. எங்கே நல்ல மனதையும் நன்கொடையையும் நம்பி விட்டார்களோ அங்கே பூச்சியம் கிடைத்தது. உரிமை எண்டு எழுதினால் வரும். உருக்கத்தை நம்பினால் கைதட்டல் வரும்.

அந்தக் கைதட்டலைப் பற்றி அவுஸ்திரேலிய எழுத்தாளரும் மேடை நகைச்சுவையாளருமான ஸ்டெல்லா யங் 2014 இல் ஒரு மேடையில் பேசினார். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். உடற்குறை உள்ளவர்களின் படத்தைப் போட்டு மற்றவர்கள் தங்கள் மனதைத் தேற்றிக்கொள்கிற பழக்கத்தை, ஆபாசப் படத்தோடு ஒப்பிட்டு உரித்து வைத்தார். ஒரு மனிதரைப் பொருளாக்கி இன்னொரு மனிதரின் சுகத்துக்குப் பயன்படுத்துவது எண்ட பொருளில். கடுமையான ஒப்பீடுதான். மஞ்சள் எழுத்துப் படத்தில் பெயர்கூட இல்லை எண்டதை நினைத்துப் பாருங்கோ. அந்தப் பெண் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை. அவருடைய நாற்காலிதான் தேவைப்பட்டது.

தமிழில் எழுதுகிற எங்களுக்கும் இதில் பங்கு இருக்கு. பெயரை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறதில் நாங்கள் கெட்டிக்காரர். ஊனமுற்றோர் எண்டு இருந்ததை மாற்றுத்திறனாளி ஆக்கினோம், விசேட தேவையுடையோர் ஆக்கினோம், மாற்றுவலுவுள்ளோர் ஆக்கினோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிற வசனம் அதேதான். "குறையை வென்று சாதித்தவர்." கெவின் மார்ட்டின் வென்றால் அவர் விட்ட கல்லைப் பற்றி எழுதுவார்கள். கோடே வென்றால் அவருடைய முள்ளந்தண்டைப் பற்றி எழுதுவார்கள். மரியாதைச் சொல் ஒன்றைப் போட்டுவிட்டால் இந்த அவமரியாதை இல்லாமல் போகாது.

"அப்ப அவவின்ர முயற்சி ஒன்றுமில்லையோ?" எண்டு ஒரு நண்பி கேட்டாள். இருக்கு. நிறைய இருக்கு. 39 வயதில் ஒரு தங்கம், 43 இல் ஒன்று, 47 இல் ஒன்று. பனி மண்டபக் குளிரில் ஆயிரக்கணக்கான கற்களைத் தள்ளிப் பழகாமல் அது வராது. 2013 இல் கனேடிய கேர்ளிங்கின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். சக்கர நாற்காலியில் ஆடியவர்களில் அந்த இடத்துக்குப் போன முதல் ஆள் அவர். அது இரக்கத்துக்குக் கொடுத்தது இல்லை, ஆட்டத்துக்குக் கொடுத்தது. நான் சொல்வது இவ்வளவுதான். முயற்சி எல்லா வீரர்களிடமும் இருக்கு. மற்றவர்களின் முயற்சிக்குச் சம்பளமும் பரிசும் கொடுத்துவிட்டு, இவருடைய முயற்சிக்கு மட்டும் "ஆஹா, என்ன மனவுறுதி" எண்டு சொல்லி அனுப்பினால் அதற்குப் பெயர் பாராட்டு இல்லை. கடனைக் கழிக்கிற தந்திரம்.

"ஆனால் ஒரு சின்னப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து நம்பிக்கை கொள்ளாதா?" கொள்ளும். கொள்ளட்டும். அடுத்த நாள் காலமை அந்தப் பிள்ளை எங்கே போகும்? போகிற இடத்தின் வாசலில் மூன்று படி இருந்தால் நம்பிக்கை அந்தப் படியில் ஏறுமா? இது கோடேக்கு எங்களை விட நல்லாய்த் தெரியும். விளையாட்டுக்கு வெளியே அவர் செய்த வேலையே கட்டடங்களும் பொது இடங்களும் எல்லாருக்கும் எட்டக்கூடியதாக இருக்க வேணும் எண்டு ஆலோசனை சொல்வதும் வாதாடுவதும்தான். நாங்கள் அவருடைய படத்துக்கு நெருப்புப் போடுகிறோம். அவர் சரிவுப்பாதை எங்கே எண்டு கேட்கிறார். இரண்டில் எது நம்பிக்கை எண்டு நீங்களே சொல்லுங்கோ.

கடைசியில் குழுவில் நானும் ஒன்று போட்டேன். படம் இல்லை, எழுத்து மட்டும். "சொன்யா கோடே. கனடா. கேர்ளிங், லீட். தங்கம் 2006, 2010, 2014. பரிசுத் திட்டம் வந்த பிறகு வென்ற இரண்டு தங்கத்துக்கும் சேர்த்து, நின்று ஆடியிருந்தால் 40,000 டொலர். இருந்து ஆடியதால் பூச்சியம்."

நெருப்பு ஒன்றும் விழவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள், அது வேறு காரணமாகவும் இருக்கலாம். இரவு பத்து மணிக்கு ஒருத்தன் மட்டும் கேட்டிருந்தான், "மச்சான், கேர்ளிங் எண்டா என்ன?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்க வேணும். அவனுக்கு நீளமாகப் பதில் எழுதினேன். அதில் மனவுறுதி எண்ட சொல் ஓரிடத்திலும் வரவில்லை.